வராததைச் சொல்லும் வேலை

பெரம்பலூரில் நான் வேலை பார்த்த கணினி மையத்தை இப்போது நடத்தும் பெண்கள் இருவர் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். எந்தக் கோப்பையும் கைபேசியிலேயே வேண்டிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள முடிகிற இந்த நாளில், அதையே ஒரு தொழிலாகச் செய்துவந்த காலத்தைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள்.

"அப்பல்லாம் ஒரு ஃபைல மாத்தறதுக்கு ஆளுங்க பஸ் ஏறி வருவாங்களாமேக்கா, நெசமா?" என்று இளையவள் கேட்டாள்.

"வருவாங்க. மாத்தி முடியற வரைக்கும் சாப்பாட்டக் கட்டிக்கிட்டு உக்காந்தும் இருப்பாங்க" என்றேன். இருவரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

தட்டச்சுப் பயிலகத்தில் பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்துவிட்டு, பெரம்பலூர் தனி மாவட்டமான புதிதில் நான் கணினிக்கு மாறினேன். புதிய அலுவலகங்கள், புதிய விண்ணப்பங்கள், புதிய அறிக்கைகள் என்று ஊர் முழுவதும் எழுத்து வேலை பெருகியிருந்த நேரம் அது. பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. காலையில் கற்றதை மாலையில் வாடிக்கையாளருக்குச் செய்து கொடுத்தோம். விசைப்பலகை எனக்குப் பழக்கமானது, திரைதான் புதியது. அதுவும் சில மாதங்களில் வசப்பட்டது.

மையத்தின் உரிமையாளர் தமயந்தி. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகள். கணினியில் பட்டயம் பெற்றவர். என்னைவிட வயதில் மிக இளையவர். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை அக்கா என்பார். முதல் நாளே இருவரும் இதைப் பேசி முடித்துக்கொண்டோம். பெரம்பலூரில் ஒன்றும் அரியலூரில் ஒன்றுமாக அவருக்கு இரண்டு கடைகள் இருந்தன. காலையில் ஒன்று, மதியம் மற்றொன்று என்று பேருந்திலேயே அவருடைய பாதி நாள் கழியும்.

தட்டச்சும் அச்சும் எல்லாக் கடைகளிலும் நடந்தன. எங்களிடம் மட்டும் திறக்காத கோப்புகள் வந்து சேர்ந்தன. எவரோ எந்த மென்பொருளிலோ செய்து, ஃபிளாப்பி வட்டிலோ குறுந்தகட்டிலோ கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். பெற்றவரின் கணினியில் அது திறக்காது. கருப்புத் திரைக் காலத்து எழுத்துக் கோப்புகள், பெயரே கேள்விப்படாத படக் கோப்புகள், வளைகுடாவிலிருந்து கைபேசியில் பதிந்து அனுப்பிய குரல்கள் எல்லாம் வரும். பெயர்ப்பலகை எழுதியவர் "எந்தக் கோப்பும் திறந்து தரப்படும்" என்று எழுதட்டுமா என்று கேட்டபோது தமயந்தி மறுத்துவிட்டார். "முயன்று பார்க்கப்படும்" என்றே எழுத வைத்தார். அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உள்ளே வந்தார்கள்.

அவருடைய முறை எளிமையானது. ஆனால் இம்மியும் தளராதது. வந்த கோப்பை அப்படியே தனியாக வைத்துவிட வேண்டும். அதன் நகலில்தான் கைவைக்க வேண்டும். மாற்றி முடித்ததும் புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாற்றத்தில் எது விடுபட்டது என்று தேட வேண்டும். ஏதாவது விடுபட்டே தீரும் என்பது அவருடைய உறுதி. எழுத்து வந்தால் அட்டவணைக் கோடுகள் போயிருக்கும். படம் வந்தால் அதன் அளவு போயிருக்கும். வாடிக்கையாளரிடம் கொடுக்கும்போது விடுபட்டதைத்தான் முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"வந்தத அவங்களே பாத்துக்குவாங்கக்கா. வராதத நாமதான் சொல்லணும்" என்பார்.

அரியலூர்க் கடையில் ஒருநாள் நான் உடன் இருந்தபோது ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்திருந்தார். ஆலையில் சரக்கு வழுக்கி இறங்குவதற்கு ஏதோ தகரச் சரிவு செய்து தரும் வேலை. பொறியாளர் கொடுத்த வரைபடக் கோப்பு அவரிடம் திறக்கவில்லை. அதைச் சாதாரணப் படமாக மாற்றி, பெரிய தாளில் அச்செடுத்துக் கொடுத்தோம். அவர் தாளை விரித்துப் பார்த்து மகிழ்ந்துபோனார்.

"படம் வந்துருச்சுங்க. அளவு வரல" என்றார் தமயந்தி. "ஸ்கேல வச்சு இதுல அளந்து தகரத்த வெட்டிப்புடாதீங்க. எழுதியிருக்கற எண்ண மட்டும் பாருங்க."

"கண்ணாடி மாரி இருக்கு படம். இதுல என்னம்மா கொற?"

"அழகா இருக்குங்க. அதனாலதான் சொல்றேன்."

"வரலன்னு சொல்றதுக்கும் சேத்துக் காசு வாங்குவியா?"

"வந்ததுக்குத்தாங்க காசு. வராதது இலவசம்."

ஒப்பந்தக்காரர் சிரித்துக்கொண்டே போனார். அடுத்த முறை வந்தபோது, நாங்கள் வாய் திறப்பதற்குள் அவரே "இதுல என்ன வரல?" என்று கேட்டார். அன்று முதல் அரியலூர்க் கடைக்கு அது வழக்கமான கேள்வியாகிவிட்டது.

இணையத்தில் கோப்பை ஏற்றி மாற்றிக்கொள்ளும் தளங்கள் என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் வந்தன. கோப்பை ஏற்றி, வேண்டிய வடிவத்தைத் தேர்ந்து, மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கோ ஓர் இயந்திரம் அதை மாற்றி, எடுத்துக்கொள்வதற்கான இணைப்பை அஞ்சலில் அனுப்பும். எங்களிடம் இல்லாத மென்பொருள்களின் வேலையெல்லாம் அதனால் கைகூடியது. எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. தமயந்திக்குத் தயக்கம் இருந்தது.

"யாரு வூட்டு அடுப்புலயோ நம்ம பானைய வக்கிறோம்க்கா. வெந்துச்சா, பாதியில எறக்கிட்டானான்னு நமக்குத் தெரியாது" என்றார். ஆகவே ஒரு விதி வந்தது: புதிய தளம் எதுவானாலும் முதலில் நாமே செய்த ஒரு கோப்பை அனுப்பிப் பார்ப்பது. அதில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியும் அல்லவா? திரும்பி வந்ததில் என்ன குறைந்தது என்பதைக் கொண்டு அந்தத் தளத்தை எடைபோட்டுவிடலாம்.

அந்த விதியைப் பின்பற்ற முடியாத ஒரு கோப்பு 2007இல் வந்தது.

லெப்பைக்குடிக்காட்டிலிருந்து மும்தாஜ் என்ற பெண் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். அவளுடைய கணவர் காதர் வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தார். சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டு மருத்துவமனையில் படுத்திருந்தார். அவளுடைய தம்பி அன்வரும் அங்கேதான் வேலை பார்த்தான். மச்சானுக்குத் துணையாக அவன்தான் இருந்தான். அங்குள்ள நிறுவனம் இரண்டு வழிகளைச் சொல்லியிருந்தது: சம்மதம் தந்தால் அங்கேயே அறுவை செய்வார்கள், இல்லையென்றால் அன்றிரவே விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். காதருக்கு ஊருக்கு வந்துவிட வேண்டும் என்ற தவிப்பு. மும்தாஜுக்கும் அதே எண்ணம்தான்.

திருச்சியிலிருந்து வாரம் ஒருமுறை பெரம்பலூருக்கு வரும் எலும்பு மருத்துவர் ஒருவர் அன்று எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மும்தாஜ் முதலில் அவரிடம்தான் போயிருக்கிறாள். முதுகெலும்பு முறியவில்லை என்றால் உட்கார்ந்து பயணம் செய்து வரலாம். முறிந்திருந்தால் எழுந்து உட்காரவே கூடாது, எலும்பு விலகி நரம்பை அழுத்தினால் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போய்விடும், ஸ்கேன் படத்தைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்று அவர் சொல்லியிருக்கிறார். அன்வர் ஸ்கேன் கோப்பை அங்கிருந்து எங்கள் மைய முகவரிக்கு அனுப்பியிருந்தான்.

கோப்பு வந்திருந்தது. திறக்கவில்லை. பெயருக்குப் பின்னால் வழக்கமாக வரும் புள்ளியும் மூன்றெழுத்தும்கூட அதற்கு இல்லை. அது எந்த வகை என்று கணினிக்கே தெரியவில்லை.

இப்படிப்பட்ட அநாமதேயக் கோப்புகளை நான் நோட்பேடில் திறந்து பார்ப்பது வழக்கம். பெரும்பகுதி கிறுக்கலாகத்தான் தெரியும். ஆனால் எந்தக் கோப்பும் தொடக்கத்தில் எங்காவது தன் குலத்தைச் சொல்லிவிடும். இதில் முதலில் ஒரு நீண்ட வெற்றிடம். அதன் முடிவில் டி, ஐ, சி, எம் என்று நான்கு ஆங்கில எழுத்துகள். இன்னும் சற்றுக் கீழே, கிறுக்கல்களுக்கு நடுவே, காதரின் பெயர் தெளிவாக இருந்தது. மும்தாஜ் அதைத் திரையில் விரலால் தொட்டாள்.

"அவருதாங்கக்கா" என்றாள்.

அந்த நான்கு எழுத்துகளை இணையத்தில் தேடியபோது, மருத்துவமனைக் கருவிகள் படங்களைச் சேமிக்கும் தனி வகை அது என்று தெரிந்தது. அதைச் சாதாரணப் படமாக மாற்றித் தரும் தளம் ஒன்றும் கிடைத்தது. சோதித்துப் பார்ப்பதற்கு எங்களிடம் அந்த வகையில் சொந்தக் கோப்பு ஏது? நகலை ஏற்றினேன். அந்தப் பக்கத்தின் அடியில், எண்கள் இடுவதற்கு இரண்டு சிறு கட்டங்கள் இருந்தன. விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்று போட்டிருந்தது. என்ன எண் என்று விளங்காததால் வெறுமையாகவே விட்டேன்.

சிறிது நேரத்தில் படம் வந்தது. முதுகெலும்பு பக்கவாட்டில், கட்டை மேல் கட்டையாக அடுக்கிவைத்தாற்போல், பளிச்சென்ற வெண்மையில் தெரிந்தது. ஒரு கீறல் இல்லை. என் தோளுக்கு மேல் குனிந்து பார்த்த மும்தாஜ் பெருமூச்சு விட்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! ஒண்ணும் உடையலயேக்கா. முத்து மாரி இருக்கே!"

நான் அச்சுக்குக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல், தளம் படத்தோடு எழுதி அனுப்பியிருந்த பழைய கோப்பின் விவரங்களோடு ஒப்பிடத் தொடங்கினேன். பின்னால் மும்தாஜ் கைபேசியில் எண்ணை அழுத்தியதும் உடனே துண்டித்ததும் கேட்டது.

"யாருக்கும்மா?"

"தம்பிக்குக்கா. ஒரு ரிங் வுட்டேன். காலையிலயே பேசி வச்சிருந்தோம். படம் நல்லாருந்தா ஒரு ரிங், மச்சான டிக்கெட்டு போட்டு ஏத்தி வுட்டுரு. நல்லால்லன்னா ரெண்டு ரிங், சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுரு. வெளிநாட்டுக்குப் பேசுனா காசு ஆவும்ல."

வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் இது அன்று சர்வ சாதாரணம். பிள்ளை பிறந்தால் ஒரு மணி, பணம் வந்து சேர்ந்தால் இரண்டு மணி என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மணிக்கணக்கு உண்டு. கேட்டதும் என் கைகள் விசைப்பலகையில் அப்படியே நின்றன. ஏனென்றால் அதற்குள் பழைய கோப்பின் விவரங்களைப் பார்த்துவிட்டிருந்தேன். அதில் கருப்புக்கும் வெளுப்புக்கும் இடையே ஆயிரக்கணக்கான படிகள் இருந்தன. வந்த படத்திலோ சில நூறு படிகள்தாம், அதற்கு மேலிருந்தவை எல்லாம் ஒரே வெள்ளையாகிவிட்டிருந்தன. அச்சிலும் பார்த்தேன். எலும்புக்குள் எதுவுமே இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது.

அரியலூர்க் கடைக்குத் தொலைபேசியில் பேசி, எலும்பு வெறும் வெள்ளையாக வந்திருப்பதைச் சொன்னேன்.

"எவ்ளோ வெள்ளக்கா?" என்றார் தமயந்தி.

"தாள் வெள்ளை மேடம்."

"அப்ப அந்த எடத்துல படமே இல்லக்கா. தாளுதான் இருக்கு. டாக்டர்ட்ட கேளுங்க. எலும்புக்கு எந்த வெளிச்சம்னு அவருக்குத் தெரியும்."

மும்தாஜின் பக்கம் நாற்காலியைத் திருப்பினேன். நல்ல செய்தியைக் கையில் வைத்திருக்கும் பெண்ணிடம் அதைத் திருப்பிக் கேட்பது எளிதாக இல்லை. ஆனாலும் அது என் வேலை.

"மும்தாஜ், இந்தப் படத்துல எலும்போட உருவம் வந்துருக்கு. உள்ள இருக்கறது வரல. உடஞ்சுருக்குன்னும் இத வச்சுச் சொல்ல முடியாது, உடையலன்னும் சொல்ல முடியாது."

அவள் முகம் சிவந்தது. "நல்ல வார்த்தையே வராதாக்கா ஒங்க வாயில? கண்ணுக்கு முன்னால தெரியுதுல்ல?"

"தெரியறது அவரோட எலும்பு இல்லம்மா. மிஷினு விவரத்தத் தவறவுட்ட எடம். தம்பிக்கு ரெண்டு ரிங் குடு. இப்பவே குடு. நெசம் தெரியற வரைக்கும் அவரு உக்காரக் கூடாது."

கைபேசியை எடுத்தாள். பிறகு அழுத்தினாள். இரண்டு மணி. மறுபடியும் இரண்டு மணி. பிறகு துண்டிக்காமல் விட்டே பார்த்தாள். யாரும் எடுக்கவில்லை.

மருத்துவரின் இடத்துக்குத் தொலைபேசியில் பேசி, நிலைமையை உதவியாளரிடம் சொல்லி, மருத்துவரையே அழைக்க வைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கட்டம் ரெண்டு இருக்கா? அதுதாம்மா விஷயம். சதையப் பாக்க ஒரு வெளிச்சம், எலும்பப் பாக்க ஒரு வெளிச்சம். அது சதைக்கான வெளிச்சத்துல குடுத்துருக்கு. எழுதிக்குங்க" என்று இரண்டு எண்களைச் சொன்னார். "வந்ததும் எடுத்துக்கிட்டு ஓடியாங்க. நான் கிளம்ப மாட்டேன்."

கட்டங்களை நிரப்பி மறுபடி ஏற்றினேன். அஞ்சல் வரும் வரை அவள் கைபேசியோடும் நான் திரையோடும் இருந்தோம். கடையில் பயோடேட்டா அடிக்க வந்திருந்த ஒருவர் தன் முறையை விட்டுக்கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார்.

இம்முறை வந்த படம் அழகாக இல்லை. சாம்பலும் புகையுமாக இருந்தது. கட்டைகளுக்குள் கடற்பஞ்சு போன்ற நுண்ணிய வலை தெரிந்தது. நடுவில் ஒரு கட்டை மட்டும் முன்பக்கம் நசுங்கியிருந்தது. அதன் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு பின்பக்கம் வரை ஓடியது. மருத்துவம் படிக்காதவளுக்கும் அது புரிந்தது. மும்தாஜ் அச்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கடையை அந்தப் பயோடேட்டாக்காரரிடமே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இருவரும் ஓடினோம்.

மருத்துவர் படத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். "உக்காரவே கூடாது. அங்கயே ஆபரேஷன் பண்ணட்டும். பயப்படாதீங்க, செய்யக்கூடியதுதான்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே மும்தாஜின் கையிலிருந்த கைபேசி ஒலித்தது. அன்வர்.

அவள் ஒலியைக் கூட்டி வைத்தாள். "எங்கடா போயிட்ட?"

"ஃபோன் பையில கெடந்துச்சுக்கா. அதான் ஒத்த ரிங் வந்துருச்சுல்ல, மச்சானுக்குச் சட்டை மாட்டிக்கிட்டிருக்கேன். வண்டி கீழ நிக்கிது."

"மாட்டாத! மாட்டாதடா! உக்காந்துருக்காரா?"

"கட்டில் ஓரமா உக்கார வச்சுருக்கேன். காலத் தொங்கப் போட்டுருக்காரு. ஏன்க்கா?"

மும்தாஜ் கைபேசியை மருத்துவரிடம் நீட்டினாள். மருத்துவர் கைபேசியை வாங்கிக்கொண்டார். "தம்பி, நான் டாக்டர் பேசறேன். நீங்களா சாய்க்காதீங்க. முதுகத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு அங்க இருக்கற நர்ஸக் கத்திக் கூப்பிடுங்க. நாலு பேரா, ஒடம்ப வளைக்காம, ஒரு பலகையத் தூக்கற மாரி படுக்க வைக்கணும். ஃபோன வச்சுராதீங்க, நான் லைன்லயே இருக்கேன்."

பிறகு அந்தச் சிறிய கருவியிலிருந்து காலடிச் சத்தங்களும், எங்களுக்குப் புரியாத மொழியில் பேச்சும், கட்டிலின் கிறீச்சும் வந்தன. மும்தாஜ் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"படுக்க வச்சாச்சு சார்" என்றான் அன்வர்.

"கால் வெரல அசைக்கச் சொல்லுங்க."

நான் மருத்துவரின் மேசை விளிம்பைப் பிடித்திருந்தேன்.

"அசைக்கிறாரு சார். ரெண்டு காலும் அசைக்கிறாரு." பின்னாலிருந்து வேறொரு குரல், "என்னா கூத்து பண்றீங்க எல்லாரும்? ஊருக்கு வர வுட மாட்டீங்களா?" என்று எரிச்சலோடு கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் மும்தாஜ் அழுதாள்.

அங்கேயே அறுவை நடந்தது. அரியலூரிலிருந்து தமயந்தி அன்று மாலையே வந்துவிட்டார். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, முதல் படத்தையும் இரண்டாம் படத்தையும் வெகுநேரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னைப் பாராட்டவில்லை, அது அவருடைய வழக்கமில்லை. மறுநாளிலிருந்து, நிரப்பாமல் விட்ட கட்டம் எது என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்வது எங்கள் முறையில் சேர்ந்தது.

என்னிடம் இதை எழுதச் சொன்ன பெண்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் கருவிகள் எங்களுடையவற்றைவிட மிக நல்லவை, வேகத்தில் பொறாமைப்படுகிறேன். ஆனால் வெளியே வருவது எவ்வளவு அழகாக இருக்கிறதோ, அவ்வளவு நேரம் கூடுதலாக அதைப் பாருங்கள். எனக்குச் சொந்தமாக ஒரு திறமை உண்டென்றால் அது இந்தக் கூடுதல் நேரம்தான். அதை நான் நன்றாகவே செய்தேன் என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

அறுவை நடந்த அந்த ஆண்டின் கடைசியில், நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாட்கள் முன்பு, காதர் கடைக்கு வந்தார். சட்டைக்குள் இடுப்புப் பட்டை தெரிந்தது. கூடவே மும்தாஜ். நன்றி சொல்ல வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவர் கைபேசியை நீட்டினார்.

"மச்சினன் வீடியோ ஒண்ணு அனுப்பிச்சிருக்கான். தொறக்க மாட்டேங்குது. பாருங்கம்மா."

கைப்பிடியுள்ள நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அவர் கைப்பிடியைத் தொடாமலேயே உட்கார்ந்தார். காணொளியை மாற்றிக் கொடுத்தேன். படம் வந்தது, ஒலி வரவில்லை என்று சொன்னேன். திரையில் அன்வர் புதிய அறை ஒன்றைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். காதர் நன்றாகப் பார்ப்பதற்காக எழுந்து, இரண்டடி நடந்து, திரைக்கு அருகே வந்து நின்றார்.

மும்தாஜ் திரையைப் பார்க்கவில்லை. அவர் எழுந்துவந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.